பரபாஸ்: அப்பாவின் மகன்

இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான கைதி, பழைய தமிழ் வேதாகமத்தில் பரபாஸ். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் பரபா. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஸ்' கிரேக்க விகுதி. அதைக் கழற்றினால் எஞ்சுவது அரமேயம். பர் என்றால் மகன், அப்பா என்றால் தகப்பன். பர்திமேயு திமேயுவின் மகன். இவன் அப்பாவின் மகன். (தமிழ் அப்பாவோடு உறவு தேடிக் கிளம்ப வேண்டாம். உதடு ஒட்டிப் பிரியும் மழலைச் சொல் பல நாடுகளிலும் இப்படிப் பிறப்பதுதான்.)

அப்பா அன்று ஆட்பெயராகவும் வழங்கியது. யூத நூலான தல்மூதில் 'பர் அப்பா' ரபிகள் உண்டு. ஆக, பரபாஸ் தகப்பன்வழிப் பெயர். பெற்றவர்கள் இட்ட பெயர் எது? மத்தேயு 27:16, 17 வசனங்களின் சில பிரதிகள் சொல்கின்றன: இயேசு. சீனாய் மடத்தில் கிடைத்த பழைய சீரியப் பிரதியிலும் கோரிதெத்தி என்னும் கிரேக்கப் பிரதியிலும் அவன் 'இயேசு பரபாஸ்'. 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இந்தப் பாடத்தை அறிந்திருந்தார். பாவிக்கு அந்தப் பெயர் தகாது என்று ஒதுக்கினார். யூதரிடையே அதுவோ வெகு சாதாரணப் பெயர். படியெடுத்தவர்கள் பக்தியால் கூசி அதை எடுத்திருப்பார்கள். துணிந்து சேர்த்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

எடுத்ததில் இழப்பு பெரிது. கெத்செமனேயில் 'அப்பா' என்று மன்றாடிய இயேசு ஒருபுறம், கலகத்துக்கும் கொலைக்கும் சிறைப்பட்ட இயேசு மறுபுறம். யோவான் பரபாஸைக் குறிக்கும் 'லேஸ்தேஸ்' (கொள்ளையன்) என்ற சொல்லையே மத்தேயுவும் மாற்குவும் இருபக்கமும் சிலுவையில் அறையப்பட்டவர்களுக்கு வைக்கிறார்கள். நடுச் சிலுவை யாருக்கு உரியது என்று ஊகிக்கச் சிரமமில்லை.

லேவியராகமம் 16-இல் மக்களின் பாவம் நீக்கும் சடங்கில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் வருகின்றன. ஒன்று பலியாகும், மற்றது உயிரோடு வனாந்தரத்துக்குப் போகும். தோற்றம், உயரம், விலை மூன்றிலும் இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஒரே பெயர் கொண்ட இருவரை அந்தக் கடாக்களோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் அங்கே பாவச்சுமை ஏறுவது விடப்பட்ட கடாவின் தலையில். இங்கே விடப்பட்டவன் வெறுங்கையோடு போகிறான்.

அவன் மன்னிப்புக் கேட்டதாகவோ, மனந்திரும்பியதாகவோ, நன்றி சொன்னதாகவோ நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வரி கிடையாது. 1950-இல் சுவீடன் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்ட் அந்த வெற்றிடத்தில்தான் 'பரபாஸ்' நாவலை எழுதினார். நம்ப விரும்பியும் நம்ப முடியாதவனாகவே அவனை அலையவிட்டார்.