பிளந்த கல்லும் இழந்த சரித்திரமும்

பெரும்பாறையொன்றைக் காணும் மனிதன் அதைப் பற்றிக் கதை கட்டுவான். அல்லது அதன்மேல் எழுதுவான். அல்லது அதை உடைப்பான். இம்மூன்றும் ஒரே பாறைக்கு நேர்ந்த வரலாறு சிங்கப்பூருக்கு உண்டு. நம்மவர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அஃது.

1819-ல் சிங்கப்பூர் ஆற்று முகத்தின் தென்கரையில் வங்காளத் தொழிலாளர்கள் காடு வெட்டியபொழுது, மணற்பாறை ஒன்று வெளிப்பட்டது. அதன் உயரம் சுமார் 10 அடி. இரண்டாகப் பிளந்து நின்ற அப்பாறையில் ஏறத்தாழ 50 வரிகள் செதுக்கப்பட்டிருந்தன. மலாயரும், சீனரும், இந்தியரும், வெள்ளையரும் திரண்டு வந்து பார்த்தனர். ஒருவராலும் படிக்க முடியவில்லை. கடற்காற்றும் மழையும் பல எழுத்துக்களை முன்பே அரித்துவிட்டிருந்தன.

அப்பாறையைப் பற்றிய கதையோ மிகப் பழையது. ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் நூல், பாடாங் என்ற பலசாலியைப் பற்றிக் கூறுகின்றது. கலிங்க நாட்டரசன் அனுப்பிய மல்லனோடு சிங்கப்பூர் அரசன் முன்னிலையில் போட்டியிட்ட பாடாங், பெருங்கல் ஒன்றைத் தூக்கி ஆற்று முகத்தில் எறிந்தானாம். அக்கல்லே இக்கல் எனப் பலர் கருதினர். இதைச் சரித்திரமென நம்ப வேண்டியதில்லை. ஆயினும், கடல் கடந்து வந்த இந்தியரின் தொடர்பு மலாய் மக்கள் நினைவில் ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு இக்கதையே சான்றாகும்.

கதை கட்டியவர்களால் கல்லுக்குக் கேடு வரவில்லை. 1843-ல், ஆற்று முகத்தை அகலமாக்கவும் கோட்டைக்கு இடம் ஒதுக்கவும் வேண்டி, சர்க்கார் பொறியாளரின் உத்தரவுப்படி வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்த்துவிட்டார்கள். அவர்கள் கல்வியில்லாத காட்டுமிராண்டிகள் அல்லர். கணிதமும் பொறியியலும் கற்றவர்கள். கல்வி வேறு, அறிவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

ஜேம்ஸ் லோ என்னும் இராணுவ அதிகாரி ஓடிச் சென்று, எழுத்துள்ள துண்டுகள் சிலவற்றைப் பொறுக்கிச் செதுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மற்றொரு துண்டு பொக்கிஷ ஆபீசின் தாழ்வாரத்தில் கிடந்தது. காவற் சிப்பாய்களும், காரியமாக வந்து காத்திருந்தோரும் அதை ஆசனமாக்கி உட்கார்ந்திருந்தனர். தமிழும் கற்றிருந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, 1849-ல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் இவ்வழிவை மனம் நொந்து குறித்துள்ளார். கல்கத்தா சென்றவற்றுள் ஒரு துண்டு பின்னர் திரும்பி வந்து, இன்று சிங்கப்பூர் தேசியப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றது.

கல்லை உடைப்பதே குற்றமென்று யாம் கூறவில்லை. பூலாவ் ஊபின் தீவின் கருங்கற்களை வெட்டித்தான் 1851-ல் ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் எழுந்தது. எத்தனையோ மாலுமிகளின் உயிரை அது காத்தது. கற்கள் சாலையாயின, பாலமாயின. அவற்றால் மனிதன் வாழ்ந்தான். ஆனால், எழுதப்பட்ட கல் வெறுங்கல் அன்று. தோட்டத்து ஆபீசில் பழைய பேரேடு ஒன்றைக் கிழித்து அடுப்பெரிக்கும் கிராணியை எந்தத் துரையாவது பொறுப்பாரா? வேறு பிரதியில்லாத ஒரு நாட்டின் பேரேட்டுக்கு நேர்ந்தது அதுதான்.

இழப்பின் அளவை இன்றுதான் நன்கு உணர்கிறோம். அவ்வெழுத்து பழைய ஜாவா மொழிக்குரியது என்றனர் சிலர். வடமொழி என்றனர் வேறு சிலர். 2019-ல் ஆராய்ச்சியாளர் ஒருவர், எஞ்சிய எழுத்துக்களில் ‘கேசரிவ’ என்று படிக்கலாம் என்றும், அது சோழ மன்னர் பூண்ட ‘பரகேசரிவர்மன்’ என்னும் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் கருத்துரைத்தார். இதைக் கேட்டவுடன் “கல் நம்முடையதே” என்று மேடையேறி முழங்குவது பகுத்தறிவன்று. ஊகம் ஊகமே. அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ தேவையான வரிகள் ஆற்று முகத்தில் தூளாகிப் போயின. பெருமை பேசவும் வழியில்லை, பொய்யென்று தள்ளவும் வழியில்லை. வெடிமருந்து நமக்கு விட்டுச் சென்ற நிலை இதுவே.

இதற்கு மாறான காட்சியும் மலாயாவிலேயே உண்டு. புக்கிட் மெர்தாஜாமில் மாதாகோயில் வளவுக்குள், செரோக் தோக் குன் என்னும் கருங்கற்பாறை பண்டைய இந்திய எழுத்துக்களோடு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. தம் சமயத்தைச் சாராத எழுத்தென்று கோயிலார் அதை அழித்துவிடவில்லை.

நேயர்களே! பால்மரக் காட்டிலோ, ஆற்றங்கரையிலோ எழுத்துள்ள பாறையை நம்மவர் காணக்கூடும். கண்டால் மஞ்சளும் குங்குமமும் பூசிச் சாமியாக்கிவிட வேண்டாம். புதையல் இருக்கிறதென்று உளியெடுக்கவும் வேண்டாம். படமெடுத்து, இடத்தைக் குறித்து, பொருட்காட்சி சாலையாருக்குத் தெரிவியுங்கள். படிக்கத் தெரிந்தவர் நம் காலத்திலோ நம் பேரர் காலத்திலோ வருவார். அதுவரை கல்லைக் காப்பது நம் கடமை.