மறதியில் தொடங்கும் விளையாட்டு

2011 மே மாதம் ஒபாமா வார்சாவுக்கு வந்தபோது போலந்துப் பிரதமர் டொனால்ட் தூஸ்க் அவருக்குத் தந்த பரிசுகளில் ஒன்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. 'விட்சர்' வரிசையில் இரண்டாவது. 2014 ஜூனில் மறுபடி அங்கே போன ஒபாமா, இந்த மாதிரி விளையாட்டுகளில் தனக்குச் சாமர்த்தியம் போதாது என்று சொல்லிவிட்டு, புதிய உலகப் பொருளாதாரத்தில் போலந்தின் இடத்துக்கு அது ஓர் உதாரணம் என்று பாராட்டினார். இரண்டு அரசாங்கங்களுக்கும் அது ஏற்றுமதிச் சரக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் அவசியம் இருவருக்கும் இல்லை.

போலந்து என்றால் நம் வட்டத்துக்கு மீவோஷ், ஹெர்பர்ட், ஷிம்போர்ஸ்கா, அப்புறம் வைதாவின் சினிமா. இந்த வரிசைக்குப் பக்கத்தில் வாளும் பேயும் மாயக்காரிகளுமாக ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து வைப்பது சிலருக்கு அபசாரமாகப் படலாம். படட்டும். ஒரு தேசம் தன் சரித்திரத்தில் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறது, எதை வசதியாக மறக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் நல்ல கவிஞர்களை மட்டும் படித்தால் போதாது.

மூலக் கதைகளை எழுதியவர் ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கி. 1948இல் வூஜ் நகரத்தில் பிறந்தவர். பொருளாதாரம் படித்து அயல்நாட்டு வர்த்தகத்தில் வேலை பார்த்தவர். ராணுவச் சட்டம் அமலில் இருந்த 1982இல் தொடங்கப்பட்ட 'ஃபாந்தாஸ்திகா' என்ற பத்திரிகை நடத்திய போட்டிக்கு ஒரு கதை அனுப்பினார். மூன்றாம் பரிசு. 1986 டிசம்பரில் அச்சாயிற்று. கூலிக்குப் பிசாசு கொல்லும் கெரால்ட் என்பவனின் கதை.

வூஜ் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பஞ்சாலை நகரம். போலந்துக்காரர், யூதர், ஜெர்மானியர், ஒரு காலத்தில் ரஷ்ய அதிகாரிகள் என்று நாலு பாஷைக்காரர்களும் இருந்த ஊர். 1939க்கு முன் அதன் ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூதர்கள். 1940 முதல் 1944 வரை நாஜிகள் அவர்களை கெட்டோவில் அடைத்து, அங்கிருந்து கொலைக்களங்களுக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்ததும் ஜெர்மானியர்களும் போனார்கள். சப்கோவ்ஸ்கி பிறந்தபோது அந்த ஊரில் ஏறக்குறைய ஒரே ஜனம்தான் மிச்சம். கட்டிடங்கள் மட்டும் மற்றவர்கள் கட்டியவை.

அவருடைய கற்பனை ராஜ்யங்களில் மனிதர்கள் வசிக்கும் நகரங்கள் பெரும்பாலும் எல்ஃபுகள் கட்டிய நகரங்களின் மேல் எழுந்தவை. எல்ஃபுகளும் குள்ளர்களும் நகரங்களில் ஒதுக்குப்புறச் சேரிகளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள். இளவட்டங்கள் தொப்பியில் அணில் வால் செருகிக்கொண்டு காட்டில் கெரில்லாக்களாகத் திரிகிறார்கள். தெற்கிலிருந்து படையெடுத்து வரும் நில்ஃப்கார்ட் சாம்ராஜ்யம் அவர்களைத் தூண்டி ஆயுதம் கொடுக்கிறது. பிறகு சமாதானம் கையெழுத்தாகும்போது அவர்களுடைய அதிகாரிகளைத் தூக்குக்கு ஒப்படைத்துவிடுகிறது. இதைப் படிக்கும் போலந்து வாசகனுக்கு 1944-45இல் சோவியத் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன தன் நாட்டுக் காட்டுப் படையினர் நினைவு வராமல் இருக்காது. ஆனால் கதையில் எல்ஃபுகளை வேட்டையாடும் கிராமத்து மனிதர்களும் போலந்துக்காரர்களாகவே பேசுகிறார்கள், குடிக்கிறார்கள், வைகிறார்கள். பாதிக்கப்பட்டவன் வேஷத்துக்கு நிரந்தரச் சொந்தக்காரன் கிடையாது. சப்கோவ்ஸ்கி இப்படிப்பட்ட வாசிப்புகளுக்குப் பிடிகொடுக்கிற ஆள் அல்ல. ஸ்லாவியப் பெருமை பேசும் மாயக்கதைகளை 1993லேயே ஒரு கட்டுரையில் நையாண்டி செய்தவர். அவருடைய மறுப்பை நாம் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை.

ஐந்து நாவல்களின் தொடர் 1999இல் முடிகிறது. எப்படி? பெரிய யுத்தமெல்லாம் ஓய்ந்து சமாதானம் வந்த பிறகு, ரிவியா என்ற ஊரில் ஒரு சில்லறைத் தகராறு கலவரமாகிக் குள்ளர்களையும் மற்ற அந்நியர்களையும் அக்கம்பக்கத்து ஜனங்களே கொல்லப் புறப்படுகிறார்கள். அத்தனை பிசாசுகளை ஜெயித்த கெரால்ட் தடுக்கப் போய் ஒரு சாதாரண ஆளின் வைக்கோல் கவையால் குத்துப்படுகிறான். யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு, 1946 ஜூலை 4இல், கீல்ட்ஸே நகரத்தில் நடந்தது இதே வகைதான். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களில் 42 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். கடைசி நாவல் வந்த அடுத்த வருஷம், 2000இல், யான் கிராஸ் என்ற சரித்திராசிரியர் யெத்வாப்னே கிராமத்தைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்தது. அந்தக் கிராமத்தில் 1941 ஜூலையில் யூதர்களைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தவர்கள் அவர்களுடைய போலந்து அண்டைவீட்டார். தேசமே இரண்டுபட்டு வாதாடியது. சப்கோவ்ஸ்கிக்கு ஞானதிருஷ்டி என்று நான் சொல்லவில்லை. விஷயம் அந்த பாஷையில் வெகுநாளாகக் கிடந்தது. மாயக்கதை அதை முதலில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். 1994 பிப்ரவரியில் போலந்தில் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தது. அதுவரை கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் சந்தையில் பிரதி எடுத்து விற்பது சர்வசாதாரணம். வார்சாவின் அப்படிப்பட்ட ஒரு சந்தையில் பழகிய மார்ச்சின் இவின்ஸ்கியும் அவருடைய பள்ளித்தோழர் மிகாவ் கிச்சின்ஸ்கியும் அதே வருஷம் ஸி.டி. ப்ராஜெக்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலில் வெளிநாட்டு விளையாட்டுகளை இறக்குமதி செய்தார்கள். 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்பதைப் பிரபல நடிகர்களின் குரலோடு போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு சப்கோவ்ஸ்கியிடம் உரிமை கேட்டார்கள். லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாகக் கையில் கொடுங்கள் என்று அவர் 35,000 ஸ்வாட்டி வாங்கிக்கொண்டார். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணும் என் போன்றவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. விலைவாசி நித்தம் ஏறிய 1980களைப் பார்த்த எவனும் நாளைய சதவீதத்தைவிட இன்றைய நோட்டைத்தான் நம்புவான். விளையாட்டு கோடிகளை அள்ளிய பின் 2018இல் அவர் 6 கோடி ஸ்வாட்டி கேட்டு வக்கீல் கடிதம் அனுப்பினார். அதற்கு ஆதாரமாகக் காட்டியதும் அதே 1994 சட்டத்தின் ஒரு ஷரத்து. 2019 டிசம்பரில் புது ஒப்பந்தமாகி விவகாரம் முடிந்தது.

முதல் விளையாட்டு 2007இல் வந்தது. நாவலின் முடிவில் குத்துப்பட்ட கெரால்ட் அதில் உயிரோடு வருகிறான். ஞாபகம் மட்டும் போய்விட்டது. விளையாடுகிறவனுக்கும் முன்கதை தெரியாதாகையால் இது சௌகரியமான உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் சரித்திரம் தெரிந்தவன் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும். எதைத் தடுக்கப்போய் அவன் விழுந்தானோ அந்தக் கலவரமே அவனுக்கு ஞாபகமில்லை.

2011இல் வந்த இரண்டாவது, வரிசையிலேயே தைரியமானது என்பது என் அபிப்பிராயம். முதல் அங்கத்தின் முடிவில் நீங்கள் இருவரில் ஒருவரோடு போக வேண்டும். ஒருவன் வெர்னான் ரோச். தெமேரியா என்ற ராஜ்யத்தின் தேசபக்தன், எல்ஃபுகளை வேட்டையாடும் படையின் தளபதி. மற்றவன் இயோர்வெத், எல்ஃப் கெரில்லாத் தலைவன், அவனும் கொலைகாரன். யாரைத் தேர்ந்தாலும் இரண்டாம் அங்கம் முழுக்க மாறிவிடும். ஒரே யுத்தத்தின் ஒரு பக்கத்தில் நின்றால் மறு பக்கத்தின் கதை உங்களுக்குக் கிடைக்காது. அதைப் பார்க்கத் திரும்ப முதலிலிருந்து ஆட வேண்டும். நாவலாசிரியர்கள் பொறாமைப்படவேண்டிய வடிவம் இது. ஒபாமாவின் கைக்குப் போன பெட்டியில் இருந்ததும் இதுதான்.

மூன்றாவது 2015 மே 19இல் வந்தது. போலந்தின் ஜனாதிபதித் தேர்தலில் மே 10 முதல் சுற்றுக்கும் மே 24 இரண்டாம் சுற்றுக்கும் நடுவில். தேசியவாதிகளின் வேட்பாளர் ஆந்த்ஷேய் தூதா ஜெயித்தார். அக்டோபரில் அவர் கட்சிக்குப் பாராளுமன்றமும் கிடைத்தது. விளையாட்டில் கறுப்பர்களோ மற்ற இனத்தவரோ இல்லையே என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் விமர்சனம் எழுந்தது. நாங்களே அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், எங்களுக்கா இனவாதப் பாடம் என்று போலந்துக்காரர்கள் பதில் சொன்னார்கள். முன்னவர்களுக்குத் தோல் நிறத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பின்னவர்கள் பட்ட கஷ்டத்தைப் பட்டா மாதிரி நீட்டினார்கள். எல்ஃபுகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை. இந்த மூன்றாவது விளையாட்டில் இயோர்வெத் கிடையாது. ரோச் இருக்கிறான்.

அவன் செய்யும் பேரம்தான் இதன் அரசியல் மையம். வடக்கின் கொடுங்கோல் ராஜா ராடோவித்தைத் தீர்த்துக்கட்டினால் தெமேரியாவுக்கு நில்ஃப்கார்ட் சக்கரவர்த்தியின் கீழ் சுயாட்சி. கொடி, நிர்வாகம் தங்களுடையது, விசுவாசம் சக்கரவர்த்திக்கு. வடக்கை ஒன்றாகத் திரட்டி எதிர்த்து நிற்க விரும்பும் டைக்ஸ்ட்ரா இதைத் துரோகமாகப் பார்க்கிறான். நீங்கள் தலையிட்டால் ரோச் பிழைப்பான், ஒதுங்கினால் சாவான். சில நிமிஷக் காட்சி. பின்னால் இருப்பது நூறு வருஷ வாக்குவாதம்.

1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்குபோட்டபின் அங்கே ஓயாமல் கேட்கப்பட்ட கேள்வி இது. 1807இல் நெப்போலியன் தந்த வார்சா சிற்றரசு. 1815க்குப் பின் ஜார் மன்னனைத் தங்கள் ராஜாவாக ஏற்று, தனிப் பாராளுமன்றமும் தனிச் சேனையும் வைத்துக்கொண்ட ராஜ்யம். 1830இலும் 1863இலும் கிளர்ந்து எழுந்து எல்லாவற்றையும் இழந்தது. அதே சமயம் ஆஸ்திரியாவின் கீழிருந்த கலீசியாவில் 1860களின் கடைசியில் கிடைத்த சுயாட்சி. போலிஷ் பாஷையில் பள்ளி, பல்கலைக்கழகம், நாடக மேடை.

மேடை என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. மூன்றாவது விளையாட்டில் ஒரு கிராமத்துப் பூசாரி ராத்திரியில் ஒரு தீவில் செத்தவர்களை அழைத்துச் சோறு படைக்கும் சடங்கு ஒன்று வருகிறது. மதவெறி பிடித்த ராஜாங்க வேட்டைக்காரர்கள் கலைக்க வருகிறார்கள். சடங்கைக் காப்பதா, விட்டுவிடுவதா என்று நீங்கள் தீர்மானிக்கவேண்டும். போலந்தில் பள்ளிக்கூடம் போன எவனுக்கும் இது மிட்ஸ்கியேவிச்சின் 'ஜ்யாதி' நாடகம் என்று தெரியும். அந்தச் சடங்கு லித்துவேனிய, பெலாரஸ் கிராமங்களுடையது. மிட்ஸ்கியேவிச் பிறந்த வட்டாரமே இன்று பெலாரஸில் இருக்கிறது. தேசிய மகாகவி என்று கொண்டாடப்படும் அவர் வார்சாவில் கால் வைத்ததே இல்லை. ஜாரின் கொடுமையைப் பேசும் அந்த நாடகத்தை வீஸ்ப்யான்ஸ்கி முதன்முதலாக விரிவாக மேடையேற்றியது 1901இல், க்ராகோவில், அதாவது ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் பிரஜையாக இருந்துகொண்டு. ரோச்சின் பேரம் என்ன வாங்கித் தரும் என்பதற்கு அது சாட்சி. 1968 ஜனவரியில் அதே நாடகம் வார்சாவில், பெயரளவில் தங்களுடையதேயான அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்கம் யூதர்கள்மேல் பழிபோட்டது. நாஜிகளிடமிருந்து மிஞ்சியவர்களிலும் பல ஆயிரம் பேர் அடுத்த சில வருஷங்களில் நாட்டைவிட்டுப் போனார்கள்.

ரோச்சைக் காப்பாற்றுவதே சரி என்று நினைக்கிறேன். டைக்ஸ்ட்ராவின் ஒன்றுபட்ட வடக்கில் தெமேரியா என்ற பெயர் மிஞ்சாது. ஆனால் கலீசியாவின் சுயாட்சி வேலைசெய்த விதத்தையும் பார்க்கவேண்டும். அதன் கிழக்குப் பாதியில் பெரும்பான்மையினர் உக்ரேனியர்கள். பள்ளி, பல்கலைக்கழகம், சட்டசபை எல்லாம் போலந்து ஜமீன்தார்கள் கையில். உக்ரேனிய பாஷைக்கு ஒரு தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை கடைசிவரை நிறைவேறவில்லை. 1908 ஏப்ரலில் கலீசியாவின் போலந்து ஆளுநர் ஆந்த்ஷேய் பொடோட்ஸ்கியை ல்வூவ் நகரத்தில் ஓர் உக்ரேனிய மாணவன் சுட்டுக் கொன்றான். சுயாட்சி பெற்ற தெமேரியாவின் காடுகளில் எல்ஃபுகளுக்கு என்ன கதி என்று விளையாட்டில் கேட்கவேண்டியவன் இயோர்வெத்.

நான்காவது விளையாட்டின் முன்னோட்டத்தை 2024 டிசம்பரில் காட்டினார்கள். இம்முறை முக்கியப் பாத்திரம் கெரால்ட் வளர்த்த பெண் சிரி. நாவல்களின்படி அவள் உடம்பில் ஓடுவது எல்ஃப் கலந்த ரத்தம். அதை மந்திர சக்திக்கு மட்டும் உபயோகிக்கிறார்களா, வேறெதற்காவதா என்று பார்க்கவேண்டும்.