தோட்டாவுக்கும் களிம்பு ஏறும்!

எங்கள் வண்ணாரப்பேட்டையில் முன்பெல்லாம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுப்பார். பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்புதான்! தோட்டாவின் கூடும் பித்தளையே. தோல் பெல்ட்டில் செருகி வைத்தால், தோல் பதனிட்ட அமிலம் பட்டுப் பச்சை பிடிக்கும். அதற்காகவே நிக்கல் பூச்சு. (சுட்ட கூட்டில் மறுபடி மருந்து அடைப்பவர்கள், நிக்கல் கூடு சீக்கிரம் விரிசல் விடும் என்பார்கள்.)

நம் புரட்சியாளர்களுக்கோ பூச்சு பற்றியெல்லாம் கவலையில்லை, தோட்டா கிடைத்தால் போதும். 1878 ஆயுதச் சட்டம் அப்படி. வெள்ளையருக்கு விலக்கு! 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனியின் 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் மாட்டு வண்டியோடு மாயமாயின. 1930 ஏப்ரல் 18 இரவு சூர்யா சென்னின் ஆட்கள் சிட்டகாங் துணைப்படைக் கிடங்கை உடைத்தார்கள். லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள் அகப்பட்டன. தோட்டா அகப்படவில்லை.