வீட்டுக் கஷ்டத்தால் படிப்பு நின்னா, பல்கலைக்கழக அணியில் ஆட முடியுமா?

கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்கு பஸ் ஏறும் கபடி வீரர் ஒருவர் என வைத்துக்கொள்வோம். அப்பா படுத்த படுக்கை. மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார். திரும்பி வந்து படித்தால் பல்கலைக்கழக அணியில் இடம் உண்டா?

உண்டு, ஆனால் கணக்கு சரியா இருக்கணும். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் விதிப்படி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடுபவர் 25 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். பிளஸ் 2 முடித்து 8 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. படிப்பு நின்ற வருடங்களும் இதில் சேரும். 18 வயதில் பிளஸ் 2 முடித்தவருக்கு 8 ஆண்டு நிறையும் முன்பே 25 வந்துவிடும். ஆக, வயசுதான் முதலில் கதவைச் சாத்தும்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். வேலையை விட முடியாமல் தொலைதூரக் கல்விக்கு மாறுகிறார்கள். டிகிரி கிடைக்கும், ஆட முடியாது. ரெகுலரில் படிப்பவருக்குத்தான் அனுமதி. முழுநேர வேலையில் இருப்பவருக்கும் கிடையாது.

படிப்பை விடாமல் ஷூ, பயணச் செலவு மட்டுமே பிரச்சினை என்றால், 2023 மே மாதம் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் உதவி கேட்கலாம். டி.சி. வாங்கும் முன்பே கல்லூரி உடற்கல்வி இயக்குநரைப் பார்த்துவிடுவது நல்லது.