பஞ்சாபி சூபா – 7: வாசலில் எழுதிய பதில்

பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டதையும், 1953 அக்டோபரில் ஆந்திரம் பிறந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். 1955-இல் பசல் அலி ஆணையம் பெரும்பாலும் மொழியை ஒட்டியே நாட்டின் வரைபடத்தைத் திருத்தப் பரிந்துரைத்தது. ஆனால் பஞ்சாபிக்குத் தனி மாநிலம் கிடையாது என்றது. ஏன்?

அமிர்தசரஸுக்கும் ஜலந்தருக்கும் போவோம். 1951. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, "தாய்மொழி என்ன?" என்கிறார். கடையில் பேரம் பேசுவதும், பிள்ளையைத் தாலாட்டுவதும் பஞ்சாபியில்தான். ஆனாலும் ஹிந்துக் குடும்பத் தலைவர்கள் பலர் "ஹிந்தி" என்று எழுதச் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்படி ஆரிய சமாஜத்தார் பிரசாரம் செய்திருந்தார்கள். அதற்குத் துணைநின்ற ஜலந்தர் நாளிதழ்கள் சில அச்சானதோ உருது எழுத்தில்! தகராறு முற்றியதால் ஹிந்தி, உருது, பஞ்சாபி, பஹாடி நான்கையும் ஒரே கூட்டாகச் சேர்த்து அட்டவணை வெளியிட்டது அரசு. பஞ்சாபி பேசுகிறவர் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லாமல் போயிற்று.

அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிவினையின் ரத்தம் காய்ந்து நான்கு வருடம்தான். சூபா, அதாவது பஞ்சாபி மாநிலம், வந்தால் சீக்கியர் பெரும்பான்மையாகிவிடுவார்கள், நம் கதி என்ன என்ற அச்சம் உண்மையானது. அதைத் தணித்திருக்க வேண்டிய கட்சிகள்தாம் அதில் குளிர்காய்ந்தன. அகாலி தளத்தின் மாஸ்டர் தாரா சிங் மொழியோடு பந்த்தின், அதாவது சீக்கியச் சமூகத்தின், உரிமையையும் சேர்த்தே பேசினார். ஜனசங்கம் பதிலுக்கு அண்டைப் பகுதிகளையும் சேர்த்த 'மகா பஞ்சாப்' கேட்டது. காங்கிரசுக்கோ பிரிக்கப்படாத பஞ்சாபில்தான் ஆட்சி உறுதி. முதல்வர் பிரதாப் சிங் கைரோன் தாமே சீக்கியர். சூபா கேட்டவர்களை ஆயிரக்கணக்கில் சிறையில் தள்ளியவரும் அவரே.

1961 ஆகஸ்ட் 15. சூபா கிடைக்கும்வரை உண்பதில்லை என்று சபதம் செய்து உண்ணாவிரதம் தொடங்கினார் தாரா சிங். வயது 76. நேரு இறங்கி வரவில்லை. 48-ஆம் நாள், சூபா இல்லாமலே, உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார்.

சீக்கியர்கள் அதிர்ந்தார்கள். சபதம் முறிந்தது ஏன் என்று விசாரிக்க ஐவர் அமர்ந்தனர். சீக்கிய மரபில் இவர்கள் பஞ்ச் பியாரே, அன்புக்குரிய ஐவர். அவர்கள் வாக்கை மீற எந்தத் தலைவராலும் முடியாது. குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை: ஐந்து நாள் பொற்கோவிலில் பாத்திரம் கழுவ வேண்டும், பக்தர்களின் செருப்பைத் துடைக்க வேண்டும். சீக்கிய அரசியலைப் பல்லாண்டு ஆட்டிவைத்த கிழவர், வாய்பேசாமல் உட்கார்ந்து செருப்புத் துடைத்தார். அத்துடன் அவர் தலைமையும் சரிந்தது.

அடுத்து எழுந்தவர் சந்த் ஃபதே சிங். அவர் கோரிக்கையையே மாற்றினார். சீக்கியர் எத்தனை சதவீதம் என்பது எங்களுக்குப் பொருட்டில்லை, பஞ்சாபி பேசும் நிலம் வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதற்கு டெல்லியிடம் பதில் இல்லை. பாகிஸ்தானுடனான 1965 போர் முடிந்தது. 1966 மார்ச் 9-இல் காங்கிரஸ் செயற்குழு சூபாவுக்கு இசைந்தது. ஜனசங்கம் வீதியில் இறங்கியது. பானிபட்டில் மூவர் உயிரோடு எரிக்கப்பட்டனர்.

ஏப்ரலில் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் மூவர் எல்லை பிரிக்க அமர்ந்தார்கள். கையில் எடுத்தது 1961 கணக்கு! பத்தாண்டு கழித்தும் அதே பிரசாரம், அதே வாசல், அதே பதில். அந்தப் பதில்தான் இப்போது எல்லைக்கோடு ஆகப்போகிறது. கரார் வட்டத்தில் "ஹிந்தி" மிகுதி என்றது ஏடு. அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது லாகூரை இழந்த பஞ்சாப் தனக்கென்று கட்டிக்கொண்ட தலைநகர், சண்டிகர்.

மே 31. மூவரில் இருவர் கரார் வட்டத்தை, ஹிந்திப் பகுதிகளைக் கொண்டு அமையவிருந்த அரியானாவுக்கு எழுதிவிட்டார்கள். சுபிமல் தத் மட்டும் மறுத்தார். அறிக்கை பிரதமர் இந்திரா காந்தியிடம் போனது. அவர் இருவர் சொன்னதையும் ஏற்கவில்லை, ஒருவர் சொன்னதையும் ஏற்கவில்லை. அவர் எடுத்த மூன்றாவது முடிவால் டிசம்பரில் ஃபதே சிங் தீக்குளிப்பதற்கு நாள் குறித்தார்...

(தொடரும்)