இருநூறு மீட்டருக்குக் கீழே

அமெரிக்காவில் 1912 ஆகஸ்ட் 13 அன்று கையெழுத்தான வானொலிச் சட்டம், தனியார் நிலையங்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தில் செய்தி அனுப்பக் கூடாது என்றும், அவை பயன்படுத்தும் மின்திறன் ஒரு கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தது. அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலுள்ள தொலைவே அலைநீளம். அது குறையக் குறைய நொடிக்கு நிகழும் அதிர்வுகள் பெருகும். 200 மீட்டர் அலை நொடிக்குப் பதினைந்து லட்சம் முறை அதிர்கிறது. இந்தச் சட்டம் குறிவைத்தவர்கள், ஊதியம் எதையும் எதிர்பாராமல், வீட்டுப் பரணிலும் கொட்டகையிலும் தாமே கட்டிய கருவிகளைக் கொண்டு ஒருவருக்கொருவர் மோர்ஸ் குறிகளில் பேசிக்கொண்டிருந்த அமெச்சூர்கள், அதாவது இன்று ‘ஹாம்’ என்று அழைக்கப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் ஆவர்.

அவர்கள்மீது கடற்படைக்கு இருந்த கோபம் காரணமற்றதன்று. அக்காலத்துக் கருவி, இரு உலோக முனைகளுக்கிடையே மின்பொறியைத் தாவச் செய்து அலையை உண்டாக்குவது. அவ்வாறு பிறக்கும் அலை ஓரிடத்தில் நில்லாமல் அக்கம்பக்கத்து அலைநீளங்களிலும் பரவி, கப்பல்களின் செய்திகளை மூழ்கடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபின் கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் வலுத்தது. நெடிய அலைகளே நெடுந்தொலைவு செல்லும் என்பது அன்றைய வல்லுநர்களின் உறுதியான நம்பிக்கையாக இருந்ததால், 200 மீட்டருக்குக் கீழுள்ள பகுதி பக்கத்து ஊருக்கு அப்பால் எதற்கும் உதவாது என்று கருதப்பட்டது. விளையாத மேட்டு நிலத்தை எழுதிக்கொடுத்து வாயடைப்பதைப் போன்ற ஏற்பாடு அது. அமெச்சூர்கள் சில ஆண்டுகளில் தாமாகவே சலித்துப்போய்க் கலைந்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதிகாரிகளிடம் இல்லாமலில்லை.

கலைவதற்கு மாறாக அவர்கள் ஒன்றுசேர்ந்தனர். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மாக்சிமின் மகனும், துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியைக் கண்டுபிடித்தவருமான ஹைரம் பெர்சி மாக்சிம், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் வாழ்ந்த அமெச்சூர். 1914இல் சுமார் முப்பது மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அவர் அனுப்ப முயன்ற செய்தி நேரடியாகப் போய்ச் சேராததால், இடைவழியிலுள்ள மற்றொரு அமெச்சூர் அதை வாங்கி மேலே அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். இந்த அஞ்சல் முறையை நாடெங்கும் விரிக்கும் நோக்கத்துடன் அவ்வாண்டே அமெரிக்க ரேடியோ ரிலே லீக் தொடங்கப்பட்டது. குறைந்த தொலைவே போகும் என்று விதிக்கப்பட்ட அலைகளை வைத்துக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி நெடுந்தொலைவை எட்டும் உத்தி அதன் அடிப்படையாக இருந்தது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் எல்லா அமெச்சூர் நிலையங்களும் மூடப்பட்டன. மீண்டும் செய்தி அனுப்ப 1919 அக்டோபரில்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் வெற்றிடக் குழாயான வால்வு கைக்கெட்டும் பொருளாகிவிட்டிருந்தது. மின்பொறியைப் போலன்றி, வால்வு எழுப்பும் அலை தனக்குரிய இடத்திலேயே நிற்பதால் குறைந்த மின்திறனிலும் தெளிவாகக் கேட்டது. இதைக் கொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்ட முடியுமா என்று 1921இன் தொடக்கத்தில் நடந்த சோதனை தோற்றது. தோல்விக்குக் காரணம் அலையா, கேட்பவர்களின் கருவியா என்ற ஐயத்தைத் தீர்க்க, தேர்ந்த வாங்கிக் கருவிகளை அமைப்பதில் பெயர்பெற்ற பால் காட்லி என்ற அமெரிக்கரை லீக் கப்பலேற்றி அனுப்பியது.

காட்லி ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்ட்ராசன் என்ற ஊருக்கு அருகே, கடலோர வயலொன்றில் கூடாரம் அடித்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்து மழையிலும் காற்றிலும், தாழ்வான கம்பங்களின்மீது ஆயிரம் அடிக்கு மேற்பட்ட கம்பியை நேர்கோட்டில் இழுத்துக் கட்டினார். உயரத்தில் அல்லாமல் நிலத்தையொட்டி நீளவாக்கில் கிடக்கும் இந்த ஏரியல், அது நீட்டப்பட்ட திசையிலிருந்து வரும் அலைகளையே மிகுதியாகப் பற்றும். இரவெல்லாம் தலையில் கேள்கருவியை மாட்டிக்கொண்டு அவர் கூடாரத்துக்குள் காத்திருந்தார். கனெக்டிகட்டின் கிரீன்விச்சில் ஓர் அமெச்சூர் குழு நிறுவிய, 1 பிசிஜி என்ற அழைப்புக் குறி கொண்ட நிலையத்தின் முழுச் செய்தி டிசம்பர் 11-12 இரவில் அவர் காதுக்கு எட்டியது. அழைப்புக் குறி என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே வழங்கப்படும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம். அந்நிலையத்தை அமைத்தவர்களுள் எட்வின் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். காட்லியின் கூடாரத்திலிருந்த வாங்கிக் கருவியின் சூப்பர்ஹெட்ரோடைன் முறையும் அவர் வகுத்ததே. குறை கருவியில்தான், அலையில் அன்று என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

கேட்பது வேறு, இருபக்கமும் பேசிக்கொள்வது வேறு. 1923 நவம்பர் இறுதியில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாயும் கனெக்டிகட்டின் ஃபிரெட் ஷ்னெலும் ஏறத்தாழ 110 மீட்டரில் உரையாடினர். கீழே போகப் போகத் தொலைவு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. 1924 அக்டோபர் 18 அன்று நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் இருந்த ஃபிராங்க் பெல், லண்டன் மில் ஹில் பள்ளியின் நிலையத்தை இயக்கிய பதினெட்டு வயது மாணவர் செசில் காய்டருடன் பேசியபோது, பூமிப்பந்தின் இருபுறமும் இணைந்தன. பூமிக்கு மேலே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு, அதாவது அயனி மண்டலம், சிற்றலைகளைத் திருப்பி அனுப்புவதால்தான் இது இயலுகிறது. அத்தகைய அடுக்கு இருக்கக் கூடும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902இலேயே சொல்லியிருந்தும், அதன் பயனை முதலில் அனுபவித்தவர்கள் கோட்பாட்டாளர்கள் அல்லர்.

பயன் தெரிந்தபின் அரசுகளும் நிறுவனங்களும் விரைந்து வந்தன. 1927இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு சிற்றலைப் பரப்பைக் கூறுபோட்டபோது, அதைத் திறந்துகாட்டியவர்களுக்கு ஒடுக்கமான சில பட்டைகளே மிஞ்சின. எனினும் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றில் அமெச்சூர்களுக்கென இடம் வரையறுக்கப்பட்டது அப்போதுதான் என்பதால், அதை முழு இழப்பாகக் கொள்ளல் ஆகாது.

இந்த ஆர்வம் இந்தியாவையும் எட்டியிருந்தது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், காய்டர் நியூசிலாந்துடன் பேசிய அதே 1924இல் ஜூலை 31 முதல் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927இல் நின்றுபோனது. பள்ளி மாணவராக இருந்த காய்டரோ 1936இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தார். பரந்த நாட்டை மத்திய அலை நிலையங்களால் மட்டும் நிரப்ப வசதியில்லாத நிலையில், அவர் காலத்தில் அமைந்த வலைப்பின்னல் சிற்றலையை நம்பியது. 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய சென்னை நிலையத்தின் மத்திய அலைக் கருவிக்குக் கால் கிலோவாட்டும், சிற்றலைக் கருவிக்குப் பத்துக் கிலோவாட்டும் திறன் இருந்தது.

1939இல் போர் மூண்டதும் இந்தியாவிலும் அமெச்சூர் உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆயினும் கருவி கட்டத் தெரிந்த கைகளை எந்த ஆணையாலும் திரும்பப் பெற இயலவில்லை. 1942 ஆகஸ்டில் விடுதலைப் போராளி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைவாகத் தொடங்கிய காங்கிரஸ் வானொலி, காய்டர் தலைமைப் பொறியாளராக இருந்த அரசு வானொலி சொல்லாத செய்திகளை இடம் மாறி மாறி ஒலிபரப்பி, நவம்பர் 12 அன்று போலீசார் பிடிக்கும் வரை இயங்கியது. அந்நிலையம் தனக்குரியதாக அறிவித்த அலைநீளம் 42.34 மீட்டர், வாஷிங்டன் மாநாடு அமெச்சூர்களுக்கு விட்டுவைத்த நாற்பது மீட்டர் பட்டைக்குள் அது அடங்குகிறது.