கன்னிமாரா பொது நூலகம்

சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள மாநில மைய நூலகம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சட்டப்படி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களுள் ஒன்று. மற்ற மூன்றும் கொல்கத்தா, மும்பை, தில்லி நகரங்களில் உள்ளன. கொல்கத்தாவில் இருப்பது தேசிய நூலகம்.

இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிக் கிடந்த புத்தகங்கள் 1860களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தன. அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த ஜெஸ்ஸி மிட்செல் அவற்றை வைத்துச் சிறு நூலகம் ஒன்றைத் தொடங்கினார். தனிக் கட்டடத்துக்கு 1890 மார்ச் 22 அன்று ஆளுநர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்டினார். வண்ணக் கண்ணாடியும் தேக்கு அலமாரிகளுமாக ஹென்றி இர்வின் வடிவமைத்த அந்தக் கட்டடம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. 1950இல் இது மாநில மைய நூலகமானது.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டமே இதற்கு நாடு தழுவிய பொறுப்பைத் தந்தது. வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவிலேயே ஒரு படியை அனுப்ப வேண்டும். 1956இல் நாளிதழ்களும் பருவ இதழ்களும் இதில் சேர்ந்தன.

அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதைத் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரை அறியும். புன்னைக்காயலில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் (ஹென்றிக் ஹென்றிக்கஸ்) இக்கரையின் பரதவர்களுக்காகத் தமிழில் நூல்களை அச்சிட்டார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் இதுவே மிகப் பழையது. அதன் மூலப்படியைப் பார்க்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். 1586இல் வந்த 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. எந்தக் கடற்கரைக்காக அச்சிடப்பட்டதோ அந்தக் கடற்கரையில் அது மறக்கப்பட்டுவிட்டது. 1950களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இந்தப் பழைய அச்சு நூல்களைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம், ச. இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பாக 1967இல் 'அடியார் வரலாறு' நூலை மறுபடி வெளியிட்டது. 381 ஆண்டுக்குப் பின் அது சொந்தக் கரைக்குத் திரும்பியது. இப்போது தூத்துக்குடியில் வெளியாகும் சிறு வெளியீட்டுக்கும் அதே 30 நாள் கெடு உண்டு.

கன்னிமாரா நூலகத்தில் 1974இல் எழுந்த புதிய கட்டடத்தில்தான் அன்றாட வாசிப்பு நடக்கிறது. உறுப்பினர்கள் நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். பாடநூல், பருவ இதழ், பிரெய்ல் பிரிவுகள் தனித்தனியே உண்டு. பழைய கட்டடம் பழைய நூல்களின் இருப்பிடம். தூத்துக்குடியில் இரவு முத்துநகர் விரைவு ரயில் ஏறுபவர் காலையில் எழும்பூரில் இறங்கி நடந்தே இங்கு வந்துவிடலாம்.